நாலேகால் மணிப் பொங்கல்

லோகநாயகி எதையும் வாய் வார்த்தையோடு விடுகிறவள் அல்ல. ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் வீட்டுச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டு சணல் கயிற்றில் தொங்கும். ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிய தேதி, மாவடுவுக்கு எத்தனை பிடி உப்பு, மகள் புஷ்பாவுக்கு அம்மை வார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள் எல்லாம் அதில் இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு கால் வாங்காமல் விட்டது, ஒரு புள்ளி வைக்காமல் விட்டது என்று அவள் எழுத்தில் யாரும் குறை சொல்லிவிட முடியாது.

பள்ளிக்கூடம் நின்றதற்குக் காரணம் தம்பி நாகேந்திரன். கொரட்டூரில் அவர்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு வயது நான்கு, அவளுக்குப் பதின்மூன்று. அப்பா விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். பையனுக்குப் பல் தேய்த்துவிட்டு, சோறு ஊட்டி, கையெழுத்துப் பழக்கி, கடைசியில் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டரான கலியமூர்த்தியைக் கட்டிக்கொண்டபோதுகூட, "தம்பியும் எங்கூடத்தான் இருப்பான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். கும்பகோணத்துக்காரரான கலியமூர்த்தி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அந்தத் தம்பி எண்பத்தாறில் சவூதிக்குப் போனான். தம்மாமில் ஒரு கம்பெனி கேம்ப்பில் வேலை. "என் தம்பி வைக்கிற வெல்டு பைப்புல ஒரு பொட்டு தண்ணி கசியாது" என்று தண்ணீர்க் குழாயடியில் லோகநாயகி சொல்லாத வாரம் கிடையாது. ஆனால் நான்கு பொங்கல் அவன் இல்லாமல் கழிந்தது. ஒவ்வொரு தை மாதமும் அவன் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கும்: "இங்கே ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம் அக்கா."

தொண்ணூறாம் வருஷம் புரட்டாசியில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. இந்த முறை கேம்ப்பில் நம்ம ஊர்க்காரர்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம், முறைப்படி பொங்கல் வைக்கப் போகிறோம், என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தான். அதற்குள் ஈராக் குவைத்தைப் பிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குவைத்திலிருந்து கட்டிய துணியோடு ஆட்கள் வந்து இறங்குவதை லோகநாயகி பக்கத்து வீட்டு வசந்தாவின் டி.வி.யில் பார்த்திருந்தாள். வரைபடத்தில் தம்மாம் குவைத்துக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. புஷ்பாவின் ஸ்கேலை வைத்து அளந்தும் பார்த்தாள்.

அந்தச் சமயம் நாகேந்திரனோடு வேலை செய்யும் நிஜாமுதீன் பூந்தமல்லிக்கு லீவில் வந்திருந்தான். திரும்பிப் போகுமுன் ஆவடிக்கு வந்து சொல்லிக்கொண்டான்.

"சண்டை வரும்னு சொல்றாங்களே, நீயும் போவாத. அவனையும் வரச் சொல்லு" என்றாள் லோகநாயகி.

"இன்னாக்கா நீ. கான்ட்ராக்ட் முடியாம அவன் வரமாட்டான். பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் பொட்டியில கீது. எங்க ஊட்ல பொஞ்சாதி சைனம்பும் இதையேதான் சொல்லிகினு கீறா. அவ அழுவாச்சிய பாக்கறதா, உன் அழுவாச்சிய பாக்கறதா?"

வராதவனுக்குப் பொங்கலையாவது அனுப்புவோம் என்று லோகநாயகி உட்கார்ந்தாள். தன் கல்யாணச் சீரில் வந்த சின்ன வெண்கலப் பானையைத் தேய்த்துத் துடைத்து நிஜாமுதீனிடம் கொடுத்தனுப்ப எடுத்து வைத்தாள். அதன் கழுத்தில் "கொ. லோகநாயகி" என்று புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். இரண்டு படி பச்சரிசி, பாசிப்பருப்பு, மண்டை வெல்லம், காய்ந்த மஞ்சள் கிழங்கு ஒரு கொத்து. "சாமி படம் கீமி வெக்காதக்கா, ஏர்போர்ட்டுல புடிச்சிக்குவான்" என்று நிஜாமுதீன் சொல்லிவிட்டான். அவளுக்கும் அது பெரிதாகப் படவில்லை. சூரியனுக்குப் படம் எதற்கு?

பிறகு நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, வரிசையாகப் பதினான்கு குறிப்பு எழுதினாள். அடுப்புக் கல் மூன்று, கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும். டின் பால் கூடாது. பால் பொங்கி வழிந்த பிறகுதான் அரிசி. பொங்கும்போது ஆறு பேரும் வாய்விட்டுக் கூவ வேண்டும். ஒன்பதாவது குறிப்புக்கு மட்டும் அரைநாள் பிடித்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். பொங்கல் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். நல்ல நேரம் ஆறரையிலிருந்து ஏழரை வரை. இங்கே அவள் பானை வைப்பது ஆறே முக்காலுக்கு. அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் பொங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவன் ஊர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். கழித்துப் பார்த்து எழுதினாள்: "9. உங்கள் ஊர் மணி சரியாக நாலேகாலுக்குப் பானை ஏற்றவும். ஐந்து மணிக்கு மேல் போகவே கூடாது. ராகு காலம்." அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

கலியமூர்த்தி வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "ராக்கெட் விடுறவன்கூட இவ்வளவு துல்லியமா மணி குறிக்கமாட்டான்டி."

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கலன்று காலை குவார்ட்டர்ஸின் பின்வாசலில் கோலம் போட்டு, கலியமூர்த்தி கல் வைத்துக் கொடுக்க, அவள் ஆறே முக்காலுக்குப் பானையை ஏற்றினாள். வெயில் அப்போதுதான் எதிர் வரிசை மொட்டை மாடியைத் தொட்டிருந்தது. புஷ்பா கையில் கரும்போடு நின்றாள். கலியமூர்த்தி முதல்நாள் பேப்பரை மடித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஈராக்குக்குக் கொடுத்த கெடு நாளையோட முடியுது. அந்தப் பக்கமெல்லாம் ராத்திரில ஒரு விளக்கு ஏத்தக்கூடாதாம். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கானாம்."

"ஏன்?"

"வெளிச்சம் தெரிஞ்சா மேலேருந்து குறி வைப்பான்ல."

லோகநாயகி பால் பானையைப் பார்த்தாள். பிறகு மொட்டை மாடியில் இருந்த வெயிலைப் பார்த்தாள். இங்கே ஆறே முக்கால். இங்கேயே சூரியன் இப்போதுதான் வந்திருக்கிறது. அப்படியென்றால் அங்கே நாலேகால். அங்கே ஏது சூரியன்?

மணியைக் கழித்தாள், சூரியனைக் கழிக்க மறந்துவிட்டாள். கும்மிருட்டில், விளக்கே ஏற்றக்கூடாத ஊரில், வெட்டவெளியில் விறகு மூட்டச் சொல்லி இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறாள். நாகேந்திரன் அக்கா சொல்லைத் தட்டமாட்டான். நாலேகால் என்றால் நாலேகாலுக்குத்தான் வைப்பான். இப்போது, இந்த நிமிஷம், அவன் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருப்பான்.

"அம்மா, பொங்குது! பொங்கலோ பொங்கல்!" என்று புஷ்பா கத்தினாள்.

லோகநாயகி கூவாமல் பானையையே பார்த்தாள். பால் நுரைத்து எழும்பி விளிம்பில் ஒரு கணம் நின்று, தெற்குப் பக்கமாக வழிந்தது. கிழக்கே இல்லை, வடக்கே இல்லை. எமன் திசையில் ஒரே கோடாக வழிந்து சாம்பலில் விழுந்தது. அவள் சட்டென்று முந்தானையை இழுத்து அந்தப் பக்கத்தை மறைத்து நின்றுகொண்டாள். யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சண்டை ஆரம்பித்தது. காலை ஏழேகால் வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன மௌனமே அவளுக்குப் போதும், கையிலிருப்பது நழுவும். இரண்டு டம்ளர் உடைந்தது. தம்மாம் பக்கம் ஏவுகணை விழுந்தது என்று டி.வி.யில் சொன்ன அன்று வசந்தா டி.வி.யை அணைத்துவிட்டு, "நீ நாளையிலேருந்து பாக்க வராதடி, நான் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள். ஆனால் லோகநாயகியின் பயம் மற்றவர்களுடைய பயம் அல்ல. குண்டு எல்லோருக்கும் பொது. இருட்டில் மூட்டிய அடுப்பு அவள் மட்டும் வைத்தது. போலீஸ் பிடித்திருக்குமோ, சிப்பாய்கள் சுட்டிருப்பார்களோ, சமிக்ஞை காட்டினான் என்று எங்காவது அடைத்துவிட்டார்களோ? பதினான்கு குறிப்பும் அவள் கையெழுத்தில் அவன் சட்டைப்பையில் இருக்கும். டிரங்க் கால் போட்டுப் பார்த்தார்கள். லைன் கிடைக்கவில்லை. தினம் காலை ஆறே முக்கால் ஆனால் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

மாசி பிறந்து நாலாம் நாள், சனிக்கிழமை. முற்பகலில் கேட் கிறீச்சிட்டது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நிஜாமுதீன். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போய், தனியாக. கையில் ஒரு கோணிப்பை. பைக்குள் உருண்டையாக ஏதோ இருந்தது.

அவன் பையை இறக்கியபோது கோணி சரிந்து பானையின் கழுத்து தெரிந்தது. கரி பிடித்திருந்தாலும் புள்ளி எழுத்து தெரிந்தது. "கொ. லோகநாயகி."

ஆள் வரவில்லை, பானை வந்திருக்கிறது. லோகநாயகி பிழிந்த ஈரப் புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்ட் இல்லாமல் வீட்டிலிருந்த கலியமூர்த்தி உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"யக்கா! யக்கா! இன்னா இது? ஒண்ணும் இல்லக்கா. கல்லு மாரி கீறான் உன் தம்பி. ஒன்பதாந்தேதி ராத்திரி என்னை பஸ்ஸுல ஏத்திவுட்டதே அவன்தான்."

"சத்தியமா சொல்லு."

"சைனம்பு வவுத்துல கீற புள்ள மேல சத்தியம். போதுமா? அவ மாசமா கீறான்னு நான் கெஞ்சினப்புறம்தான் மேனேஜரு என்னை வுட்டான். ஜித்தா வரைக்கும் பஸ்ஸு, அங்கேருந்து பம்பாய், பம்பாய்லேருந்து ரயிலு. நேத்துதான் ஊடு வந்தேன்."

"அவன் ஏன் வரல?"

"ஊருக்கு அனுப்பற லிஸ்ட்ல பேரு கீதுக்கா. அடுத்த பஸ்ஸோ, அதுக்கு அப்பால உள்ளதோ. யாருக்குத் தெரியும்?"

கலியமூர்த்தி அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடிக்கவில்லை. "பொங்கல் வச்சானா?" என்றாள். வேறெதுவும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நிஜாமுதீன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அத்த ஏன்க்கா கேக்கற! நாங்க அஞ்சு பேரும் தலயால தண்ணி குடிச்சோம். டேய், நாலேகாலுக்கு சூரியனே தூங்கிகினு கீறான், யாருக்குடா பொங்க வெக்கற, ஏழு மணிக்கு வெப்பம்டான்னு. கேட்டானா? 'எங்கக்கா ரெண்டு கோடு போட்டு எழுதிக்கீது. அஞ்சு மணிக்கு மேல ராகு காலம். நாலேகால்னா நாலேகால்தான்'றான். ஒரு பக்கம் கேம்ப் மேனேஜரு, வெளியில பீடி பத்தவெச்சாக்கூட ஊருக்கு அனுப்பிருவேன்னு சொல்லிகினு கீறான். இன்னொரு பக்கம் உன் தம்பி. ராகு காலத்துக்கு பயப்படறான்க்கா, ராணுவத்துக்கு பயப்படல."

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"ஸ்டோர் ரூமுக்குப் பின்னால மூணு கல்ல வெச்சோம். பேக்கிங் பொட்டி ஒடச்ச பலகைதான் வெறகு. வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு ஆளுக்கொரு கம்பளிய புடிச்சிகினு நாலு பக்கமும் செவுரு மாரி நின்னோம். உள்ள குந்திகினு உன் தம்பி ஊதறான். குளிரு ஒரு பக்கம், பொகை ஒரு பக்கம், எவனுக்காச்சும் இருமல் வந்தா வாயில துண்டு. எனக்குக் காலு ரெண்டும் தந்தி அடிக்குது. ஊட்ல வயித்துப் புள்ளக்காரி, நான் இங்க எவன் பொங்கலுக்கோ கம்பளி புடிச்சிகினு நிக்கறனேன்னு. அப்போ பாத்து ஜீப்பு சத்தம் கேக்குது."

லோகநாயகி நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள்.

"மிலிட்டரி ஜீப்பு. வேலி ஓரமா மெதுவா வருது. ஒரு கம்பளியில ஓரம் வேற பத்திகிச்சி, அத்த ஒருத்தன் கையால கசக்கறான். 'மண்ண அள்ளிப் போட்டு அணைடா பாவி'ங்கறேன். 'பால் கொதி வருது, இப்ப அணைச்சா குடும்பத்துக்கு ஆவாது'ங்கறான். அம்மாஞ் சத்தியமா சொல்றேன், அன்னிக்கு எங்க கத முடிஞ்சிதுன்னுதான் நெனச்சேன். ஜீப்பு முனை திரும்புது. அந்தச் சமயம் பாரு, பானை பொங்கிச்சுக்கா. சும்மா இல்ல, குபுகுபுன்னு. ரெண்டு லிட்டரு பாலு, சின்னப் பானை. அம்புட்டும் அடுப்புல எறங்கி நெருப்பு 'புஸ்'ஸுன்னு அணைஞ்சிபோச்சி. ஒரே கும்மிருட்டு. ஆறு பேரும் மூச்சு வுடல. ஜீப்பு தாண்டிப் பூடுச்சி."

கொடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கூவினீங்களா?" என்று லோகநாயகி மெல்லக் கேட்டாள். அது பதினோராவது குறிப்பு.

"வாயத் தொறந்தோம். சத்தம்தான் வுடல. ஆறு பேரும் இருட்டுல வாய வாய அசைச்சிகினு... பல்லு மட்டும் தெரிஞ்சிது."

"அரிசி?"

"அத்த ரூமுக்குள்ள கொண்டாந்து கரண்டு ஹீட்டர்ல வேவவெச்சோம். நடுவுல வேவல. ஒரே பொகை வாசன, கம்பளி கருகின வாசன. வெல்லம் மட்டும் நல்லா இருந்துச்சி. எல்லாரும் ரெண்டு ரெண்டு தபா வாங்கி தின்னோம். வேலூர்க்காரரு ஒருத்தரு, அம்பது வயசு ஆளு, தட்ட வெச்சிகினு தேம்பித் தேம்பி அழுதாரு. வேவாததுக்கு அழுவறாரோன்னு உன் தம்பி பயந்துட்டான்."

பிறகு அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "பானை சாய்ஞ்சிதுன்னு எடது கையால புடிச்சான். உள்ளங்கையில கொப்புளம். இப்ப ஆறிப்போச்சி. சொல்லாதன்னு சொன்னான். நீ எப்டியும் கேட்டு வாங்கிருவ."

"எந்தப் பக்கமா பொங்குச்சி?"

"ஆங்?"

"பால். எந்தத் திக்குல வழிஞ்சிது?"

"இருட்டுலே திக்கு எவன் பாத்தான்க்கா? என் கால்ல சுட்டுது, அது தெரியும். விடிஞ்சி போய் பாத்தா மண்ணு எல்லாத்தையும் குடிச்சிட்டுது."

லோகநாயகி குனிந்து பானையைத் தூக்கினாள். அது வெறுமையாக இல்லை. உள்ளே ஒரு பிடி பேரீச்சம்பழம், காகிதத்தில் சுற்றியிருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அவள்தான் அவனுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தாள். காகிதத்தைப் பிரித்தாள். அவள் எழுதிய இரண்டாவது தாள்தான் அது. பின்பக்கத்தில் நாகேந்திரன் எழுதியிருந்தான். தேதி ஒன்பது.

"அக்கா, நீ போட்ட மணி சரிதான். சூரியன்தான் லேட்டு. பானையை நிஜாமிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது."

முதல் இரண்டு வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசி வரியைப் படித்ததும் நின்றுவிட்டது. மறுபடியும் படித்தாள்.

"இங்க தெக்கால வழிஞ்சிது" என்றாள், யாரையும் பார்க்காமல். ஒரு மாதமாக அவளுக்குள் இருந்தது அது. "நான் மறைச்சிட்டேன். தெக்காலதான் வழிஞ்சிது."

கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். "தெரியும். பார்த்தேன்."

"பாத்தீங்களா?"

"அன்னைக்கு மத்தியானமே ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு வந்து வச்சுப் பார்த்தேன். கல்லு தெற்கே கால் அங்குலம் தாழ்வு. நான் வச்ச கல்லு. முப்பது வருஷமா ஃபிட்டர்னு பேரு, வீட்டு அடுப்பை மட்டமா வைக்கத் தெரியல. அதான் நான் வாயத் திறக்கல."

அவர் உண்மையைத்தான் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்று லோகநாயகிக்குத் தெரியவில்லை. ரசமட்டம் அவருடைய கருவிப் பையில் எப்போதும் இருப்பதுதான். நிஜாமுதீன், "அப்போ எமனுக்கு இன்னா வேல? கொத்தனார் வேலதான் சரியில்ல" என்றான். கலியமூர்த்தி அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

அவன் சாப்பிட்டுவிட்டு, சைனம்புக்கு ஒரு தூக்கில் புளிக்குழம்பும் வடாமும் வாங்கிக்கொண்டு போனான். வாசல் வரை வந்த லோகநாயகி, "தூக்கை வெறுமனே கொண்டாராத" என்றாள். "தெரியும்க்கா, அந்தச் சட்டமெல்லாம் உன் தம்பி எனக்கு அஞ்சு வருஷமா நடத்திகினு கீறான்" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

மாலையில் அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய நோட்டை எடுத்தாள். "அடுப்புக் கல்: ரசமட்டம் வைத்துப் பார்க்கவும்" என்று எழுதினாள். அதற்கு அடியில், "மணி குறிக்கும்போது சூரியனையும் பார்க்கவும்" என்று எழுதி, கோடு போடப் போனவள் போடாமல் விட்டாள். பானையில் கரி அப்படியே இருந்தது. அதை நாளைக்குத் தேய்க்கலாம்.

ஏர் மெயில் உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வானொலியில் செய்திக்கு முந்திய அந்த மௌனம் வந்தது. அவள் விரல் நின்றது. ஒன்பதாம் தேதி அவன் கல் மாதிரி இருந்தான், சரி. இன்றைக்குப் பதினாறு. நடுவே ஏழு நாள் இருக்கிறது. அந்த ஏழு நாளைப் பற்றி நிஜாமுதீனுக்கும் தெரியாது, கலியமூர்த்தியின் ரசமட்டத்துக்கும் தெரியாது. செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார். கலியமூர்த்தி எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை.

லோகநாயகி எழுத ஆரம்பித்தாள்.

"தம்பி நாகேந்திரனுக்கு, பானை வந்து சேர்ந்தது. பேரீச்சம்பழமும் வந்தது. இடது கைக்குத் தேங்காய் எண்ணெய் போடவும். இனி எனக்குக் கடிதம் எழுதும்போது தேதியோடு மணியும் போட்டு எழுது. எங்கள் மணி வேண்டாம். உங்கள் ஊர் மணியே போடு."